திரையைக் கிழித்தவன் பேசுகிறேன்

ஊர் ஊராய்க் கொட்டகை போட்டு, காற்றோடும் கனமழையோடும் மல்லுக்கட்டி, இந்த வட்டாரத்து மக்களுக்கெல்லாம் வெள்ளித்திரையை விரித்துக் காட்டிய வீரத் தாயே, டூரிங் டாக்கீஸ் உரிமையாளரே, இந்த விழாவின் தலைவரே, குள்ளம்மாள் அம்மையார் அவர்களே! முன்வரிசையில் மூத்தவராய், முழங்கால் வலியோடும் முகம் சுளிக்காமல் அமர்ந்திருக்கும் பெரியவர் கிருஷ்ணப்பன் அவர்களே! களத்து வேலையைப் பாதியில் விட்டுவிட்டு, கைக்குழந்தையோடு வந்து இந்தச் சந்தைத் திடலில் சாக்கு விரித்து உட்கார்ந்திருக்கும் தாய்மார்களே! அழைப்பிதழில் நடிகர் பெயர் ஒன்றுமில்லையே என்று முணுமுணுத்தபடியே வந்துவிட்ட இளைஞர்களே! மேடையின் ஓரத்தில், நாற்காலியின் நுனியில், எப்போது எழுந்து போகலாம் என்று பார்ப்பவரைப் போல உட்கார்ந்திருக்கும் எங்கள் இயக்குநர் சவுரியப்பன் அவர்களே! உங்கள் அத்தனை பேரையும் கம்பைநல்லூர் மண்ணின் சார்பில் கைகூப்பி வணங்குகிறேன்.

என்னப்பா அங்கே சத்தம்? நடிகர் எப்போது வருவார் என்கிறாயா? வரமாட்டார், தம்பி. ஒருவரும் வரமாட்டார். மெட்ராஸிலிருந்து வந்தவர் இந்த ஒருவர்தான். இவர் சண்டை போடமாட்டார், பாடமாட்டார், கையசைக்கவும் மாட்டார். காலையில் பேருந்திலிருந்து இவர் இறங்கியபோது, மாலையோடு நின்ற நாங்களே யாரோ வாத்தியார் என்று நினைத்து வழிவிட்டோம்!

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். நாட்டில் நடிகருக்கு மன்றம் உண்டு, நடிகைக்கு மன்றம் உண்டு. மூன்றே படம் எடுத்து, மூன்றும் ஓடாமல் போன ஓர் இயக்குநருக்கு மன்றம் உண்டா? உண்டு! இதே ஊரில் உண்டு! பதினோரு பேர் கொண்ட மன்றம். அதன் செயலாளர் மாதேஸ்வரன்தான் உங்கள் முன் நிற்கிறேன். எட்டாம் வகுப்போடு ஏட்டை மூடியவன். புளி மண்டியில் மூட்டை தூக்குகிறவன். இந்த மேடைத் தமிழைக்கூட மேடைகளுக்குக் கீழே நின்று கேட்டுக் கேட்டுக் கற்றவன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஓடாத படத்துக்கு ஏன் விழா? உங்களுக்குப் பிடிக்காத படத்தை நாங்கள் ஏன் தலையில் வைத்துக் கூத்தாடுகிறோம்? அதைச் சொல்லத்தான் வந்தேன். சொல்வதற்கு முன் ஓர் உண்மையை ஒப்புக்கொள்கிறேன். ஒன்றரை ஆண்டுக்கு முன், எண்பத்தைந்தாம் ஆண்டு புரட்டாசியில், அம்மையாரின் கொட்டகையில் திரை கிழிந்ததே, நினைவிருக்கிறதா? ஓடும் படத்தில் ஒருவன் பாய்ந்து போய்க் கத்தியால் கிழித்தானே? அந்தப் பாவி வேறு யாருமில்லை. நான்தான்!

ஐயா, இயக்குநர் ஐயா, தலையைக் குனியாதீர்கள். குனிய வேண்டியவன் நான்.

படத்தின் பெயர் ‘கூப்பிடாத பெயர்’. பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். ஒருவன் வெகுகாலம் கழித்துத் தன் வீட்டுக்கு வருகிறான். எங்கே போயிருந்தான்? சொல்லவில்லை. மனைவி அடுப்பு ஊதுகிறாள், நிமிர்ந்து பார்க்கவில்லை. பிள்ளைகள் அவனைத் தாண்டி ஓடுகிறார்கள், நின்று பார்க்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் அவன் அருகிலேயே உட்கார்ந்து வெற்றிலை போடுகிறார். ஒரு வார்த்தை பேசவில்லை. இரண்டு மணி நேரம், ஐயா! இரண்டு மணி நேரமும் அந்த வீட்டில் ஒருவர்கூட அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை.

கொட்டகையில் ஒரே கூச்சல். “அவன் பேய்டா!” என்றான் ஒருவன். “பேய்னா தண்ணி குடிக்குமாடா?” என்றான் இன்னொருவன். ஆமாம், அவன் குடிக்கிறான், பானையில் தண்ணீர் குறைகிறது. அவன் நடக்கிறான், நிழல் விழுகிறது. அப்படியென்றால் அவன் செத்தவனா, இருக்கிறவனா? படம் சொல்லவில்லை. பாட்டு இல்லை, சண்டை இல்லை, பதிலும் இல்லை. பாதிப் பேர் எழுந்து போனார்கள். நான் போகவில்லை. போயிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று அன்றைக்கு நினைத்தேன்.

கடைசிக் கட்டம். கதவைத் தாழிட்டுக்கொள்கிறார்கள். அவன் வாசலிலேயே உட்கார்ந்திருக்கிறான். விடிகிறது. மனைவி விளக்குமாற்றோடு வருகிறாள். வாசல் பெருக்குகிறாள். இங்கேதான் கவனிக்க வேண்டும், தாய்மார்களே. அவன் உட்கார்ந்திருக்கும் இடத்தை மட்டும் விட்டுவிட்டு, சுற்றி வளைத்துப் பெருக்குகிறாள்!

தெரிந்திருக்கிறது! அவன் இருப்பது அவளுக்குத் தெரிந்திருக்கிறது! இரண்டு மணி நேரமும் தெரிந்தேதான் பார்க்காமல் இருந்திருக்கிறாள்!

அந்தக் கணத்தில்தான் எனக்கு வெறி வந்தது. படத்தில் பாட்டு இல்லாத கோபம் என்று மற்றவர்களிடம் சொன்னேன். பொய். மூட்டைக் கயிறு அறுக்க இடுப்பில் வைத்திருந்த கத்தியை உருவிக்கொண்டு ஓடி, அந்த வாசலில் உட்கார்ந்திருந்தவனின் மார்பின்மேல் கோடு போட்டதைப் போலத் திரையைக் கிழித்தேன். ஏன் தெரியுமா? அந்தப் பெருக்குதலை நான் தினமும் என் வீட்டில் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மாட்டுக் கொட்டகையை ஒட்டி ஒரு கயிற்றுக் கட்டில். கட்டிலில் ஒரு மனிதர். என் மனைவி ராஜாமணி அந்தக் கட்டிலைச் சுற்றிப் பெருக்குவாள். அந்த மனிதர் என் உடன்பிறந்த அண்ணன் நஞ்சப்பன்.

எழுபத்தாறாம் ஆண்டு மாசி மாதம், புளி அறுவடை முடிந்த நேரம். சேலத்துக்கு லோடு போக வேண்டும். லாரி ஓட்டுவது அண்ணன். மூட்டைக்குக் காவலாய்ப் பக்கத்தில் உட்கார்ந்து போக வேண்டியது நான். அன்றைக்குத் தருமபுரியில் புதுப் படம், முதல் நாள். போகமாட்டேன் என்றேன். என் அப்பா கத்தினார்.

“சினிமாவுக்குப் போறவன் எனக்குப் புள்ளையே இல்லடா!”

“இல்லன்னா போகட்டும், போ!” என்று நானும் கத்திவிட்டுச் சாப்பிடாமல் சைக்கிளை மிதித்தேன். என் இடத்தில் என் அப்பா ஏறி உட்கார்ந்தார்.

தொப்பூர் இறக்கத்தைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டுமா? இங்கே உட்கார்ந்திருப்பவர்களில் எத்தனை வீட்டில் அந்த இறக்கம் ஓர் ஆளை எடுத்துக்கொண்டிருக்கிறது! பிரேக் பிடிக்கவில்லை. வளைவில் லாரி கவிழ்ந்தது. அப்பா போய்விட்டார். அண்ணன் காலில் கட்டோடு மூன்றாம் நாள் வந்து சேர்ந்தார். அதற்குள் அடக்கம் முடிந்துவிட்டது.

அன்றைக்கு என் தாய் செல்லம்மாள் அவரை ஏறிட்டுப் பார்க்கவில்லை. கேட்கவில்லை, திட்டவில்லை, அழவில்லை. தட்டில் சோறு போட்டு வாசலில் வைத்துவிட்டு உள்ளே போனார்கள். அம்மா பேசாததால் நான் பேசவில்லை. நான் பேசாததால் வந்து போகும் உறவும் பேசவில்லை. யாரும் கூடி உட்கார்ந்து முடிவு செய்யவில்லை, ஐயா! பேசக்கூடாது என்று எவரும் சொல்லவில்லை. இன்றைக்கு வேண்டாம், நாளைக்குப் பேசலாம் என்றுதான் ஒவ்வொரு நாளும் இருந்தோம். அப்படியே ஒரு மாதம். அப்படியே ஓர் ஆண்டு. அப்படியே ஒன்பதரை ஆண்டு!

எழுபத்தொன்பதில் எனக்குக் கல்யாணம். வந்த முதல் வாரம் ராஜாமணி மெல்லக் கேட்டாள்: “ஏங்க, கட்டில்ல படுத்துருக்காரே, அவரு யாருங்க?”

நான் பதில் சொல்லவில்லை. அவளும் அதற்குமேல் கேட்கவில்லை. மறுநாளிலிருந்து தட்டு வைக்கக் கற்றுக்கொண்டாள். சுற்றிப் பெருக்கவும் கற்றுக்கொண்டாள்.

விபத்துக்குப் பிறகு அண்ணன் மண்டிக்கு வந்ததில்லை, கோயிலுக்கு வந்ததில்லை. மாட்டுக்குத் தண்ணீர் காட்டுவார், வரப்பு வெட்டுவார், கட்டிலுக்கு வருவார். எண்பத்து மூன்றில் அம்மா கண்ணை மூடினார்கள். வாய்க்கரிசி போட மூத்த மகன் முன்னால் வரவில்லை. நாங்களும் கூப்பிடவில்லை. ஊர் முழுக்க முற்றத்தில் நின்றது. பெற்ற பிள்ளை மாட்டுக்குப் பின்னால் நின்றார். இதை ஒலிபெருக்கியில் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது. இருந்தாலும் சொல்கிறேன்.

சரி, திரையைக் கிழித்தவனை அம்மையார் என்ன செய்தார்கள்? போலீசுக்குச் சொன்னார்களா? இல்லை. சட்டையைப் பிடித்துச் சொன்னார்கள்: “கிழிச்ச கையாலயே தெச்சுக் குடுடா. நாளைக்கு இதே துணியில இதே படந்தான் ஓடும். தெச்சது பிரியாம இக்குதான்னு பக்கத்துல நின்னு நீயே பாரு.”

மறுநாள் பகல் முழுதும் கோணி ஊசியும் நூலுமாய்த் தைத்தேன். சாயங்காலம் முதல் ஆட்டத்தில் திரைக்குப் பக்கத்தில் நின்றேன். வந்தவர்கள் பதினான்கு பேர். படம் முடியும்போது மூன்று பேர். வாசல் காட்சி வந்தது. வெளிச்சம் பட்டதும் நான் போட்ட தையல் அந்த மனிதனின் மார்பில் வடுவைப் போல ஏறி நின்றது. நான் கை எட்டும் தூரத்தில் நிற்கிறேன். அவன் என்னைப் பார்க்கவில்லை, எங்கேயோ பார்க்கிறான். முந்தைய நாள் வந்த கோபம் வரவில்லை. அந்தத் துணியைப் பிடித்துக்கொண்டுதான் நின்றேன்.

அடுத்த நாள் பிற்பகல் வானம் இருட்டிக்கொண்டு வந்தது. மண்டியிலிருந்து வீட்டுக்கு வந்தேன். முதல் தூறல் விழுந்தது. மாட்டுக் கொட்டகைச் சார்ப்பு ஒழுகும், எனக்குத் தெரியும். ஒன்பது மழைக்காலமாகத் தெரியும். அண்ணன் கட்டிலைச் சுவரோரமாய் இழுத்துக்கொண்டிருந்தார். சொல்லிவிட்டேன்:

“அண்ணா, மழ வருது. வூட்டுக்குள்ள வா.”

அண்ணன் என்ன செய்தார் தெரியுமா? திரும்பித் தன் பின்னால் பார்த்தார்!

யாரைக் கூப்பிடுகிறான் என்று பார்த்தார், ஐயா! பின்னால் யாருமில்லை. மாடுதான் நின்றது. மறுபடி என்னைப் பார்த்தார்.

“என்னயா கூப்புட்ட?” என்றார்.

அந்தக் குரலே எனக்கு அடையாளம் தெரியவில்லை. பயன்படுத்தாத கதவைத் திறந்தது போல இருந்தது. ராஜாமணி ஓடி வந்தாள். “மாமா, நனையாதீங்க, உள்ள வாங்க” என்றாள். வந்தார். வந்தவருக்கு எங்கே உட்காருவது என்று தெரியவில்லை. பிறந்து வளர்ந்த வீட்டில், நடுக்கூடத்தில், கூரையையும் சுவரையும் பார்த்தபடி நின்றுகொண்டே இருந்தார். அம்மாவின் படத்தைப் பார்த்தார். மழை விட்டதும் வெளியே போய்விட்டார்.

கைதட்டாதீர்கள், தயவுசெய்து கைதட்டாதீர்கள். இன்னும் முடியவில்லை.

எட்டு நாள் கழித்து, காலையில், அவராக வந்து கேட்டார்: “தொப்பூரு வரைக்கும் வர்றியா?” பேருந்தில் போனோம். வழியெல்லாம் பேச்சில்லை. இறங்கி அந்த வளைவுக்கு நடந்தோம். லாரிகள் முக்கி முனகி ஏறிக்கொண்டிருந்தன. ஒரு புளிய மரத்தடியைக் காட்டி அண்ணன் சொன்னார்:

“இங்கதான் அப்பாவப் படுக்க வெச்சிருந்தேன். உடனே போயிடல. முக்கால் மணி நேரம் பேசிட்டுத்தான் இருந்தாரு.”

லாரி கவிழ்ந்த அந்த நொடியிலேயே அப்பாவின் உயிர் போய்விட்டது என்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம்.

“என்னண்ணா பேசுனாரு?”

“ஒன்னயப் பத்தித்தான். ‘நல்ல வேள, சின்னவன் வரல, நல்ல வேள, சின்னவன் வரல’ன்னு அதையே சொல்லிட்டு இருந்தாரு. ‘கோவத்துல ஒரு வார்த்த சொல்லிட்டன், அவன் மனசுல வெச்சுக்க வேணாம்னு சொல்லு. பாவம், சாப்புடாமப் போனான்’னாரு. அம்மாகிட்டயும் ஒண்ணு சொல்லச் சொன்னாரு.”

“ஏண்ணா சொல்லல? இத்தன வருசமா ஏண்ணா சொல்லல?”

அவர் கோபப்படவில்லை. ரோட்டைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: “சொல்லணும்னுதான் வந்தேன். யாரும் கேக்கல.”

அவையோரே! தாய்மார்களே! அந்த வார்த்தை என்னை அடித்ததைப் போல இதுவரை எந்தக் கையும் என்னை அடித்ததில்லை. என் தந்தை என்னை மன்னித்துவிட்டுத்தான் கண்ணை மூடியிருக்கிறார். அந்த மன்னிப்பு ஒன்பதரை ஆண்டு என் வீட்டு வாசலில், கயிற்றுக் கட்டிலில், சோற்றுத் தட்டோடு படுத்திருந்தது. நான் பார்க்கவில்லை! அந்த இருக்கையில் இருந்திருக்க வேண்டியவன் நான் என்ற குற்றம் என்னைத் தின்றது. அந்தக் குற்றத்தை இறக்கி வைக்க எனக்கொரு தோள் வேண்டியிருந்தது. என் அண்ணனின் தோளில் இறக்கிவிட்டு, அவர் முகத்தைப் பார்க்காமல் இருந்துகொண்டேன். வேறென்ன?

இதை எனக்குச் சொன்னது யார்? கோயில் சொல்லவில்லை, பஞ்சாயத்து சொல்லவில்லை, உறவு சொல்லவில்லை. பார்த்தவர்கள் எல்லாம் பாதியில் எழுந்து போன ஒரு படம் சொன்னது! மகிழ்விக்கிற படம் ஆயிரம் உண்டு. அவை என்னை மகிழ்வித்து அதே வீட்டுக்கு, அதே கட்டிலைத் தாண்டி அனுப்பி வைத்தன. இந்த ஒரு படம்தான் என் நெஞ்சைக் கலக்கியது, கசக்கியது, கத்தியை எடுக்க வைத்தது, கடைசியில் கட்டிலின் முன்னால் கொண்டுபோய் நிறுத்தியது.

இவரைத் தேடி மெட்ராஸுக்குப் போனேன். பெரிய பங்களாவாக இருக்கும் என்று நினைத்தேன். மாடியில் ஒற்றை அறை. ஒரு பாய், ஒரு ஸ்டவ், சுவரெல்லாம் காகிதம். கதவைத் திறந்தவர் என்னைப் பார்த்து, “யாரு வேணும்? பக்கத்து ரூம்காரர் ஊருக்குப் போயிருக்காரு” என்றார். தன்னைத் தேடி ஓர் ஆள் வரக்கூடும் என்றே அவருக்குத் தோன்றவில்லை. நான் எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்தவர், டீ வைத்ததை மறந்துவிட்டார். அது பொங்கி அடுப்பே அணைந்துபோனது. நான் கேட்டேன்: “ஐயா, அந்த ஆளு செத்தவனா, இருக்கிறவனா?”

“தெரியலைங்களே” என்றார். “அந்த வீட்டுக்காரங்கதான் அதைச் சொல்லணும்.”

“பாத்தவங்கல்லாம் எழுந்து போறாங்களே, எதுக்குங்க இந்த மாதிரி எடுக்கிறீங்க?”

டீ பொங்கிய ஸ்டவ்வைத் துணியால் துடைத்தார். பிறகு சொன்னார்: “எல்லாரும் போனப்புறம் எங்கயாவது ஒருத்தர் உட்கார்ந்திருப்பாருன்னு நெனச்சு எடுக்கிறேங்க. இதுவரைக்கும் யாரும் வந்து சொல்லல. மூணு படத்துக்கு நீங்கதான் மொத ஆளு.”

மூன்று படம்! பன்னிரண்டு ஆண்டு உழைப்பு! ஓர் ஆள்! அதுவும் திரையைக் கிழித்த ஆள்!

அதனால்தான் இந்த மன்றம், நண்பர்களே. அதனால்தான் இந்த மாலை, இந்த மேடை. இன்னும் சற்று நேரத்தில் அம்மையாரின் புண்ணியத்தில் இதே திடலில் அந்தப் படம் மறுபடி ஓடப்போகிறது. உங்களுக்குப் பிடிக்காமல் போகலாம். எழுந்து போகலாம். இவர் கோபித்துக்கொள்ளமாட்டார், பழகியவர். ஆனால், எழுந்து போகிறவர்களே, எங்கே போவீர்கள்? வீட்டுக்குத்தானே போவீர்கள்? அந்த வீட்டில் ஒருவர் இருக்கிறாரா இல்லையா, சொல்லுங்கள்! வாழாமல் திரும்பி வந்த தங்கையாக இருக்கலாம். தோற்றுத் திரும்பிய மகனாக இருக்கலாம். சண்டை போட்ட பங்காளியாக, பாகம் கேட்ட தம்பியாக இருக்கலாம். சோறு போடுகிறோமே என்று சொல்லாதீர்கள். நானும் போட்டேன்! ஒரு நாள்கூடத் தவறாமல் போட்டேன்! சோறு போட்டால் போதுமா? முகம் பார்க்க வேண்டாமா? பெயர் சொல்லி அழைக்க வேண்டாமா? “என்ன நடந்தது, சொல்லு” என்று கேட்க வேண்டாமா? உங்களுக்காக அவர்கள் என்ன வைத்திருக்கிறார்கள் என்று கேட்காமலே எப்படி அறிவீர்கள்? கேளுங்கள்! இன்றைக்கே கேளுங்கள்!

அம்மா, அங்கே கண்ணைத் துடைக்கிறீர்கள். யாரென்று எனக்குத் தெரியாது. உங்கள் வீட்டில் யாரென்று உங்களுக்குத் தெரியும்.

அண்ணன் வந்திருக்கிறாரா என்று தேடாதீர்கள். வரவில்லை. காலையில் கூப்பிட்டேன். “ஒன்பது வருசம் அதுக்குள்ளயே இருந்தன். பாத்து என்ன பண்ண?” என்றார். இப்போது வீட்டுக்குள் படுக்கிறார். ஆனாலும் ஒரு நாளைக்கு ஐந்தாறு வார்த்தைக்கு மேல் வருவதில்லை. எங்களோடு உட்கார்ந்து சாப்பிட அவருக்கு வரவில்லை. தட்டை எடுத்துக்கொண்டு மாட்டுக் கொட்டகைப் பக்கம் போய்விடுகிறார். நான் கூப்பிடுகிறேன். சில நாள் திரும்புகிறார், சில நாள் திரும்புவதில்லை. போனதெல்லாம் திரும்பி வந்துவிட்டது என்று உங்களிடம் பொய் சொல்லமாட்டேன்.

நன்றி சொல்லி முடிக்கிறேன். திரையைத் தைக்கச் சொன்ன தலைவர் அவர்களுக்கு நன்றி. ஒலிபெருக்கி அமைத்து, நான் தடுமாறி நின்றபோதெல்லாம் காத்திருந்த அன்வர் பாஷா அவர்களுக்கு நன்றி. பத்துப் பேராய் என்னை நம்பி வந்த மன்றத் தோழர்களுக்கு நன்றி. ஐயா சவுரியப்பன் அவர்களே, நாலாவது படத்தை நீங்கள் எடுத்தே தீர வேண்டும். எல்லாரும் போனாலும் பதினோரு பேர் உட்கார்ந்திருப்போம்.

ஒரு குறை மட்டும் எனக்கு உண்டு. அப்பா அம்மாவிடம் சொல்லச் சொன்ன அந்த ஒன்று என்ன என்று அண்ணனிடம் இரண்டு முறை கேட்டுவிட்டேன். “அது அம்மாவுக்குச் சொன்னதுடா” என்கிறார். அதற்குமேல் சொல்ல மறுக்கிறார். அதைக் கேட்க வேண்டிய அம்மா, நான் அண்ணனைக் கூப்பிடுவதற்கு இரண்டு ஆண்டு முந்தியே போய்விட்டார்கள். அந்தக் குறையோடுதான் இந்த மேடையை விட்டு இறங்குகிறேன். உங்கள் எல்லோருக்கும் என் பணிவான வணக்கம்.